ஏரிச் சீலாவும் ஒரு கடையின் பெயரும்

அந்தப் புதன்கிழமை காலையிலேயே முதல் பக்கம் ஏறக்குறைய முடிந்திருந்தது. தலைப்பின் நடுவில் லண்டன் இல்ஃபோர்ட்டிலுள்ள ஒரு மீன்கடையின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் அச்சுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை, இந்தத் தமிழ் வாரப் பத்திரிகைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். தலைப்பு எழுதவும் பக்கம் கட்டவும் நீங்கள் என்னிடம் கற்க வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் கஜன் என்றொருவர் அலுவலகத்துக்கு வந்தார். பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் பகுதியில் இருப்பவர், ஒரு பண்டகசாலையில் வேலை. அவருடைய மனைவி தர்சினி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். சில வாரங்களாக அவளுடைய விரல் நுனிகளும் உதட்டோரமும் விறைத்தன. வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாதரசம் இருக்கக்கூடாத அளவில் இருந்தது. என்ன மீன் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டிருக்கிறார்.

"கடை மீன்தான் எண்டு சொன்னனான்" என்றார் கஜன். "இல்ஃபோர்ட் கடையிலதான் எப்பவும் வாங்கிறது. அக்கா, நீங்கள் பேரைப் போடுங்கோ. நான் வொய்ஸ் ஒண்டும் போட்டிட்டன்."

அந்தக் குரல் பதிவு நான் கேட்பதற்கு முன்பே எங்கள் ஆசிரியரின் தொலைபேசிக்குப் பல வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. கஜன் அதில் கத்தவில்லை. தன் மனைவிக்கு நடந்ததை நிதானமாகச் சொல்லி, கடையின் பெயரைச் சொல்லி, இனி உங்கள் விருப்பம் என்று முடித்திருந்தார். நிதானமாகச் சொன்னதால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் ஆசிரியருக்கு வேறு நெருக்கடி இருந்தது. அந்தக் கடை எங்களுக்கு விளம்பரம் தருவது. "நாங்கள் போடாட்டி, விளம்பரத்துக்காக மூடி மறைச்சம் எண்டு சனம் கதைக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. கவுன்சில் அதிகாரிகள் கடைக்குப் போய் மாதிரி எடுத்துவிட்டார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். பத்திரிகையோ புதன் மாலை அச்சுக்குப் போக வேண்டும்.

நான் முதலில் ஒரு நச்சியல் நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தேன். எந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை. மீன் எவ்வளவு பெரியது என்று கேட்டார். காரணத்தையும் விளக்கினார். நிலக்கரி எரித்த புகையிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் வரும் பாதரசம் காற்றில் வெகுதூரம் போய், மழையோடும் பனியோடும் இறங்கி, ஏரிகளிலும் கடலிலும் சேர்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடலில் தங்கும் நஞ்சாக மாற்றுகின்றன. சிறு பூச்சியைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடும். அதிக காலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று பெருத்ததில்தான் மிக அதிகம். அது தசையில் இருக்கும், பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. தாயின் உடலிலிருந்து கருவின் மூளைக்குப் போகும். வளர்ந்தவர்களுக்கு விறைப்போடு நிற்கும் அளவு, வளரும் மூளைக்குப் பெரிய கேடு செய்யலாம்.

எனக்கு உடனே சுறாதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா சமைத்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். சுறா பெரிய மீன், மற்ற மீனைத் தின்னும் மீன். இந்தக் கடையில் சுறா விற்பதும் எனக்குத் தெரியும். செய்தி கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தியது. இப்படிப் பொருந்தும் இடத்தில்தான் நீங்கள் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும்.

செவ்வாய் காலை கடைக்குப் போனேன். வழக்கமாக வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும் நேரம். உள்ளே ஒருவரும் இல்லை. கடைக்காரர் மோகன், பாரிஸில் பல காலம் மீன் வெட்டிவிட்டு இங்கே வந்து கடை போட்டவர், ஐஸ் மேல் மீன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ" என்றார். "படம் எடுக்க வந்தனீங்களோ, மீன் வாங்க வந்தனீங்களோ? படம் எடுக்க இண்டைக்கு நல்ல வசதி. குறுக்கால நிக்க ஆளில்லை."

"கேள்வி கேக்க வந்தனான், அண்ணை."

"கேளுங்கோ. கவுன்சில்காரர் கேட்டிட்டினம், கொத்தமல்லி வாங்க வாற மனுசி கேட்டிட்டா, நீங்கள்தான் பாக்கி."

கஜன் வீட்டுக்குச் சுறா விற்றாரா என்று கேட்டேன்.

"சுறா நான் விக்கிறன். இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா அவை சுறா கேட்டு ஒருநாளும் வரேல்லை. அந்தப் பிள்ளை வாங்கிறது சூடையும் நெத்தலியும். சொதிக்குச் சின்ன மீன். பிள்ளைத்தாச்சிக்கு ஒரு நல்ல பெரிய விளைமீன் கொண்டு போங்கோ எண்டு நானே ஒருக்கால் கஜனுக்குச் சொன்னனான்."

"என்ன சொன்னார்?"

"'பெரிய மீன் எங்களுக்கு வீட்டை வருது அண்ணை' எண்டார். எந்தக் கடைக்காரன் வீட்டை கொண்டுபோய்க் குடுக்கிறான் எண்டு எனக்குக் கோவம். பிறகு நான் கேக்கேல்லை."

அன்று மாலை கஜனை அழைத்தேன். அவர் வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. புதன் காலை ஆசிரியரிடம் பார்க்கிங் போகிறேன் என்றேன். "போங்கோ. அஞ்சு மணிக்குப் பக்கம் போகும். நீங்கள் வந்தாலும் போகும், வராட்டியும் போகும்" என்றார்.

கஜனின் வீடு ஒரு புதிய கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. கஜன் ஷிப்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவர் ஏப்ரன் கட்டியிருந்த ஒரு பெரியவர், கஜனின் மூத்த அண்ணன் சிவம். தகப்பன் இல்லாத வீட்டில் கஜனை வளர்த்து, படிப்பித்து, வெளிநாட்டுக்கு எடுத்தவர். இளம் வயதில் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு நாட்டின் உட்பகுதியில் ஒரு சிறிய ஊரில் குடியேறியவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தர்சினி ஓய்வாக இருக்க வேண்டும் என்று, பிரசவம் முடியும்வரை சமைத்துப் போட வந்திருந்தார். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இருங்கோ தங்கச்சி, சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றார். "இது உங்கட லண்டன் மீன் இல்லை."

"எங்கத்தை மீன், அண்ணை?"

"எங்கட ஏரி மீன். நாங்கள் ஏரிச் சீலா எண்டு பேர் வைச்சிருக்கிறம். முகத்தைப் பாருங்கோ, அசல் சீலா."

தொலைபேசியில் படம் காட்டினார். உறைந்த ஏரியின் மேல் நின்று, தோள் உயரத்தில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருந்தார். வால் அவருடைய முழங்காலைத் தொட்டது. நீண்ட வாய், வாய் நிறையப் பல். ஆங்கிலத்தில் பைக் என்று சொல்லும் மீன். வடநாட்டு ஏரிகளில் மற்ற எல்லா மீனையும் தின்று வாழ்வது.

"வெள்ளைக்காரன் இதைப் பிடிச்சால் திரும்ப விட்டிடுவான், இல்லாட்டி எனக்குத் தருவான். முள்ளுக்குப் பயம். முள்ளு எங்களுக்கு என்ன புதுசே?" அடுத்த படம் கோடையில் எடுத்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கற்கள் தெரிந்தன. "பாருங்கோ, அடி தெரியுது. சுத்திவர ஒரு ஃபாக்டரி இல்லை. காடு மட்டும்தான். கடையில இருக்கிற மீன் எந்தக் கடல், எந்த ஊத்தை, ஆருக்குத் தெரியும்? அதுதான் நான் வரேக்கை ஒவ்வொரு முறையும் பெட்டியில உறைய வைச்சுக் கொண்டாறனான்."

"எல்லாரும் சாப்பிடுவீங்களோ?"

"சின்னன் எனக்கும் தம்பிக்கும். பெரிசெல்லாம் இவவுக்கு. ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேணுமெல்லே."

நச்சியல் நிபுணர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. அதோடு, கஜன் வைத்தியரிடம் பொய் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. எங்கள் ஆட்களுக்கு நஞ்சு கடையிலிருந்துதான் வரும், விலைக்கு விற்பவனிடமிருந்துதான் வரும். அண்ணன் பனியில் நின்று பிடித்து, தன் பெட்டியில் சுமந்து வந்த மீனை, வைத்தியர் கேட்ட கேள்விக்குள் சேர்க்கவே கஜனுக்குத் தோன்றவில்லை.

தர்சினி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தட்டில் நடுமீன் துண்டு, உள்ளங்கையைவிடப் பெரியது. நான் சிவத்தோடு பேசினாலும் அவளுடைய விரல்களைப் பார்த்தேன். மீனைப் பிய்ப்பாள், சோற்றைப் பிசைவாள், பிய்த்ததைச் சோற்றுக்கு அடியில் தள்ளுவாள். சிவம் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் ஒரு சிறு துண்டை வாயில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் ஸ்கான் படம் காட்டுவதாகச் சொல்லி என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். படத்தை எடுக்கவில்லை.

"உங்களுக்கு விளங்கிட்டுது, என்ன அக்கா?"

"உமக்கு எப்ப விளங்கினது?"

"ஹொஸ்பிட்டலால வந்த அண்டைக்கே. அந்த மீன்ரை பேரைப் போட்டு ஃபோனில தேடினனான். எல்லாம் கிடக்கு."

"பிறகும் ஏன் சாப்பிடுறீர்?"

"எப்பிடிச் சொல்லுறது? காலமை எழும்பி எனக்கெண்டுதான் சமைக்கிறார். பெரியத்தான், நீங்கள் ஊட்டினதுதான் நஞ்சு எண்டு அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லுறீங்களோ? நான் கொஞ்சமாத்தான் தின்னுறன். மிச்சத்தைக் கொட்டுறன்."

"கொஞ்சமும் கூடாது."

"தெரியும்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "கடையெண்டே இருந்திட்டுப் போகட்டும் அக்கா. கடைக்காரர் வேற யாவாரம் ஏதும் செய்வார். எங்களுக்கு இருக்கிறது ஒரு அண்ணன்."

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். உங்களிடம் ஒருவர் நம்பிச் சொன்னதை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது. அது நம் தொழிலின் அடிப்படை. நாம் வைத்தியர் அல்ல, உறவினரும் அல்ல, ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்த அறையில் இரவுச் சாப்பாட்டுக்கான மீன் உருகிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஒரு பிள்ளை. இல்ஃபோர்ட்டில் ஒரு கடை. மாலை ஐந்து மணிக்கு ஒரு பக்கம். எல்லாவற்றையும் காப்பாற்றும் வழி எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வழி இருந்ததாகப் பின்னாலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"நீர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லமாட்டன்" என்றேன். "ஆனா அவரிட்டைக் கேக்க என்னட்டை ஒரு கேள்வி இருக்கு. அதை நான் கேக்காமல் போக ஏலாது."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

சிவம் அடுப்படியில் மிளகாய்த் தூள் பிரட்டிய துண்டுகளை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "அண்ணை, நோர்வேயில பிள்ளைத்தாச்சியள் இந்த மீன் சாப்பிடுவினமோ?"

"இல்லை" என்றார் திரும்பாமல். "அங்கத்தைக் கிளினிக்கில வேண்டாம் எண்டு சொல்லுவினம். அவை அப்பிடித்தான். சீஸுக்கும் பயம், அரை அவியல் முட்டைக்கும் பயம்."

"ஏன் வேண்டாமாம்?"

கரண்டி நின்றது.

"பாதரசமாம்" என்றார்.

அடுப்பை அணைத்தார். மேசைக்கு வந்து தர்சினியின் தட்டைப் பார்த்தார். கையால் சோற்றை விலக்கினார். அடியில் பிய்த்த மீன் முழுவதும் கிடந்தது.

"பிள்ளை" என்றார். "உமக்கு முதலே தெரியும்."

தர்சினி அழத் தொடங்கினாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினார், சட்டியில் இருந்ததைக் கொட்டினார், ஃப்ரீசரைத் திறந்து உறைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புப் பையில் போட்டார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "இஞ்ச மட்டும் இல்லை. எங்கட ஊர் ஆக்களுக்கும் குடுத்தனான்."

அவர் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். என்னையும் சாட்சியாக வைத்துக்கொள்ள விரும்பினார் என்று நினைக்கிறேன். பார்க்கிங்கில் ஒரு வீடு. "நான் தந்த மீன் கிடக்கோ? எறியுங்கோ. காரணம் பிறகு சொல்லுறன். இல்லை, இப்பவே சொல்லுறன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். இல்ஃபோர்ட்டில் ஒரு வீடு. அங்கே பேசிய ஆண் சிரித்தார்.

"அண்ணை, விசர்க் கதை கதையாதேங்கோ. அந்த மாதிரி ருசியான மீன் நான் சென்மத்தில தின்னேல்லை."

"ஆர் ஆர் தின்றது?"

"எல்லாரும்தான். சின்னவனுக்குத்தான் நல்ல விருப்பம். முள்ளெடுத்துக் குடுத்தால் தட்டோட முடிப்பான்."

"சின்னவனுக்கு என்ன வயசு?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "ஏன் அண்ணை கேக்கிறீங்கள்?"

தென் லண்டன் சட்டனில் இருந்த இன்னொரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தார். நான் புறப்படும்போதும் அழைத்துக்கொண்டிருந்தார். வாசல்வரை வந்து சொன்னார்: "உங்கட பேப்பரில என்ரை பேரைப் போடுங்கோ. எல்லாருக்கும் தெரியட்டும்."

"உங்கட பேர் தேவையில்லை அண்ணை. மீன்ரை பேர் காணும்."

எந்த வீட்டுக்குப் போனாலும், எழுந்து, நடந்து, கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் நாம் எதை எழுதப்போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். ரயிலில் இருந்து ஆசிரியரை அழைத்துக் கடையின் பெயரை எடுக்கச் சொன்னேன். "அப்ப கடையில பிழையில்லை எண்டு போடுவம்" என்றார். அது நியாயமாகத் தெரிந்தது. ஆனால் போடுவதற்கு முன் மோகனைக் கேட்போம் என்றேன். அழைத்தபோது மோகன் என்னைப் பேசி முடிக்கவிடவில்லை.

"நல்லதுக்கும் என்ரை பேரைப் போடாதேங்கோ. வொய்ஸ் கேளாத சனமும் கொஞ்சம் இருக்கு. அதுகளுக்கும் நீங்கள் சொல்லிக் குடுக்கப் போறீங்களோ? பாதரசம் எண்ட சொல்லுக்குப் பக்கத்தில என்ரை கடை நிண்டால் காணும், நடுவில 'இல்லை' எண்டு நீங்கள் எழுதினதை ஆரும் வாசிக்கமாட்டினம்."

ஆகவே அந்த வாரம் முதல் பக்கத்தில் வந்தது மீனைப் பற்றிய செய்தி மட்டும். வட ஏரிகளின் பைக், பெரிய சுறா, கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் ஏன் இவற்றைத் தொடக்கூடாது, சின்ன மீனை ஏன் பயமில்லாமல் சாப்பிடலாம். குடும்பம் இல்லை, கடை இல்லை. தலைப்பு சப்பென்று இருந்தது என்று ஆசிரியர் சொன்னார். உண்மைதான். நோர்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்த மீனைப் பற்றிக் கேட்டுப் பல வீடுகளிலிருந்து அழைத்தார்கள். தாங்கள் கேட்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றே எல்லோரும் தொடங்கினார்கள்.

கஜன் தன் குரல் பதிவை அழித்தார். மற்றவர்கள் அனுப்பியதை அவரால் அழிக்க முடியவில்லை. இன்னொரு பதிவு போடுங்கள் என்று நான் கேட்டேன். "அண்ணையைப் பற்றி நான் எப்பிடி அக்கா வெளியில சொல்லுறது?" என்றார். கவுன்சிலின் முடிவு வந்தபோது கடையின் மீன்களில் அந்த அளவு பாதரசம் இல்லை என்றது. அதற்குள் மோகன் கடையைப் பூட்டிவிட்டார். இப்போது சட்டனில் வேறொருவருடைய கடையில் மீன் வெட்டுகிறார்.

சிவம் பிரசவம்வரை நிற்கவில்லை. அந்த வாரமே திரும்பிப் போனார். தர்சினி விமான நிலையத்துக்குப் போகவில்லை என்று கஜன் சொன்னார். வரவேண்டாம் என்று சொன்னது தர்சினியா சிவமா என்று நான் கேட்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. எடை சரியாக இருந்தது. வைத்தியர்கள் சொன்னவை எல்லாம் நேர்மையான சொற்கள்: இப்போது எதுவும் தெரியவில்லை, வளர வளரப் பார்க்க வேண்டும், சில குறைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் வெளிப்படும், வெளிப்படாமலும் இருக்கலாம், வெளிப்பட்டாலும் இதனால்தான் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பிள்ளை தவழத் தொடங்கியிருந்த காலத்தில் தர்சினி என்னை வீட்டுக்கு அழைத்தாள். தேத்தண்ணி தந்தாள். பிறகு பிள்ளையைப் பாயில் இருத்தி, ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிள்ளை அதைப் பார்த்தது. சன்னலைப் பார்த்தது. தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது. கை பொருளுக்குச் சற்றுப் பக்கத்தில் விழுந்தது. மீண்டும் நீட்டி எடுத்தது.

"அக்கா, நீங்கள் எல்லாத்தையும் வடிவாப் பாக்கிற ஆள்" என்றாள் தர்சினி. "உண்மையைச் சொல்லுங்கோ. மற்றப் பிள்ளையளும் இப்பிடித்தானே எடுக்கும்?"

நான் பார்த்தது எனக்குத் தெரியும். அதன் பொருள் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பேர் என்னிடம் ஒரு வார்த்தை ஆறுதலுக்காக வந்திருக்கிறார்கள், கொடுத்தும் இருக்கிறேன். அன்று கொடுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியேல்லை, தர்சினி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கிலுகிலுப்பையைப் பிள்ளையின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.